பௌர்ணமி வாய்தா

எங்கள் வீட்டில் நசுங்காத பாத்திரம் கிடையாது. குடம், சொம்பு, குண்டான், இட்லிப் பானை என்று எதை எடுத்தாலும் ஒரு பள்ளம் இருக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் பள்ளம் இருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வீட்டு வேலை அதுதான். மாசம் பிறந்து அம்மா சம்பளம் வாங்கி வரும் நாளில் புதிதாக ஒரு பள்ளம் சேரும்.

அம்மா கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். அவளுடைய அப்பா சர்வீசில் இருக்கும்போதே செத்துப்போனதால் வந்த வேலை. வேலூரிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி ஜில்லாவாக்கிய சமயம் அது. நானும் அதை ஒட்டித்தான் பிறந்தேன். "ஜில்லா பிரிஞ்சப்பவே நாங்களும் பிரிஞ்சிருந்தா என் தல தப்பிச்சிருக்கும்" என்று அம்மா பிற்பாடு சொல்வாள். உச்சந்தலையில் தையல் போட்ட தழும்பு இருந்ததால் அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று யாரும் நினைக்க முடியாது.

அப்பா வேன் ஓட்டினார். ஓட்டினார் என்றால் மாசத்தில் பாதி நாள். மீதி நாள் குடித்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டிருந்த காலம். அடி அண்ணாமலையில் மலை சுற்றும் ரோட்டை ஒட்டி ஒரு கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மாவின் எட்டுப் பவுன் நகை அடகுக் கடைக்குள் போய் சோடாக் கடையாக வெளியே வந்தது. பன்னீர் சோடா, கோலி சோடா, டீ, தேங்காய், கற்பூரம். பௌர்ணமி அன்றைய வியாபாரம் ஒன்றே மாசத்துக்குப் போதும். நகை மட்டும் கடைசி வரைக்கும் திரும்பவில்லை.

கடை நன்றாக ஓடினால் அடி குறையும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கூடியது. கடைக் காசு கடைக்கும் குடிக்கும் போனது, வீட்டுக்கு அம்மா சம்பளம். அதிலும் பாதியை அப்பா கேட்டார். முதல் தேதி சாயந்திரம் வாசலிலேயே கை நீட்டிக்கொண்டு நிற்பார். அம்மா ஒரு தொகையைக் கொடுப்பாள். "கம்மியா இருக்கே" என்பார். "இருக்கறதுதான் இருக்கும்" என்பாள். அடுத்து பளாரென்று ஒரு சத்தம் கேட்கும். நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அங்கிருந்து கால்கள் மட்டும்தான் தெரியும். கால்களை வைத்தே யார் யாரை அடிக்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல வரும்.

அம்மா அடி வாங்கிக்கொண்டு அழுகிற ரகம் இல்லை. வாங்கினதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற ரகம். ஒருமுறை அப்பா அவள் தலைமுடியைப் பிடித்துக் கிரைண்டர் விளிம்பில் மோதினார். ரத்தம் கண்ணில் வழிய வழிய, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைத் திருப்பியை எடுத்து அவர் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினாள். தோல் தீய்ந்த வாசனையும் தோசை தீய்ந்த வாசனையும் ஒன்றாக வந்தன. நான் அன்றிலிருந்து முறுகல் தோசை தின்பதில்லை.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அப்பா வேறு விதமாக யோசித்தார். பாத்திரத்தை எறியவில்லை. அம்மாவைச் சுவரோடு அழுத்தி, அவள் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்கம் மடக்கினார்.

"இத வெச்சித்தான சம்பாரிக்கிற? இனிமே எப்டி சம்பாரிக்கிறனு பாக்கறேன்."

சுள்ளி ஒடிகிற மாதிரி கேட்டது. அம்மா கத்தக்கூட இல்லை. இடது கையால் உலைப் பானையின் விளிம்பைப் பிடித்து அப்படியே சாய்த்தாள். அரிசியும் கொதிநீரும் அப்பாவின் இரண்டு பாதங்களின் மேலும் கொட்டின. அவர் தரையில் விழுந்து புரண்டார். அதனால்தான் எங்களைத் துரத்த முடியவில்லை. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒடிந்த விரலை வாயில் வைத்துக் கடித்தபடி, பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். கண்டக்டர் எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த விரல் நேராகவில்லை. கொக்கி மாதிரி வளைந்தே நின்றது. அம்மா அதை மடக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் டைப் அடிக்கப் பழகினாள். சம்பளம் நிற்கவில்லை. அதை எல்லாரிடமும் சொல்லிக் காட்டுவாள்.

கேஸ் ஆனது. முதலில் பாத்திரத்துக்கு. சீர் கொடுத்த சாமான்களைத் திருப்பித் தரச் சொன்னார்கள். மகளிர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அப்பா வேனிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயர் எழுத்தைப் பொறிப்பார்களே, அப்படி எழுத்து இருப்பது அம்மாவுக்கு, இல்லாதது அப்பாவுக்கு என்று ஏட்டம்மா பிரிக்கப் பார்த்தார். பாதிப் பாத்திரத்தில் எழுத்து பொறித்த இடமே நசுங்கியிருந்தது. அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எழுத்த வுடுங்க மேடம். நான் சொல்றேன். இந்தக் குண்டான் என் முதுகுல வுழுந்துது. இது என்னுது. இந்தச் சொம்பு நான் அந்தாளு நெத்தில அடிச்சது. அதுவும் என்னுது. இந்தக் குடம் குழந்த தொட்டில் மேல போய் வுழுந்துது, நல்ல வேள, தொட்டில்ல புள்ள இல்ல."

ஏட்டம்மா முதலில் சிரித்தார். தொட்டில் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

பாத்திரம் ஒரே நாளில் பிரிந்துவிட்டது. நகையும் நானும் பிரிய வருஷக் கணக்கானது. வாய்தா, வாய்தா, வாய்தா. அம்மா அதற்குள் வேங்கிக்காலில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடித்து என்னைக் கூட்டி வந்துவிட்டாள். கோர்ட் வராந்தாவில்கூட அவர்களால் சும்மா நிற்க முடியாது. அப்பா எங்கள் சாப்பாட்டுப் பையை எட்டி உதைப்பார், அம்மா செருப்பைக் கழற்றி எறிவாள், குறி தவறி யாரோ ஒரு குமாஸ்தாவின் மேல் படும். தனக்கு வருமானமே இல்லை, கவர்மெண்ட் வேலையில் இருக்கிற பெண்டாட்டிதான் தனக்கு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று அப்பா ஒரு மனு போட்டார். அதைக் கேட்டு அம்மா சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் காறித் துப்பினாள். அந்த வாய்தாவும் வீணானது.

கடைசியில் இரண்டு வக்கீல்களும் சேர்ந்து ஒரு ராஜி பேசினார்கள். அம்மா எட்டுப் பவுனைக் கேட்கக் கூடாது. அப்பா என்னைக் கேட்கக் கூடாது. என் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா மாசா மாசம் ஒரு தொகை தர வேண்டும். மாசத்தில் ஒரு ராத்திரி நான் அவரிடம் இருப்பேன். இந்த வியாபாரத்தை அம்மா என்னை மறக்க விட்டதே இல்லை. நான் மார்க் குறைவாக வாங்கினாலும், பால் சிந்தினாலும், எதிர்த்துப் பேசினாலும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"எட்டு பவுன் குடுத்து உன்ன வாங்கினேன். ஞாபகம் வெச்சிக்கோ."

அந்த ஒரு ராத்திரி எது என்பதில்தான் அம்மா தன் மூளையைக் காட்டினாள். வக்கீல் ஞாயிற்றுக்கிழமை என்றார். அம்மா வேண்டாம் என்றாள். பௌர்ணமி என்று எழுதச் சொன்னாள். அப்பா எந்த நாளும் குடிப்பார், பௌர்ணமி அன்று மட்டும் சொட்டு தொட மாட்டார். பக்தியும் கொஞ்சம் உண்டு, வியாபாரமும் உண்டு. கை நடுங்கினால் சில்லறை தப்பாகிவிடும் என்ற பயம். அன்றைக்குத்தான் கையில் காசும் இருக்கும், அன்றே தொகையையும் வாங்கிவிடலாம். குடித்திருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டாள்.

"நல்ல யோசனமா" என்றார் வக்கீல். அப்பாவுக்கும் சம்மதம். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டே இருக்காமல், ஒருத்தராவது கையை விட்டால் போதும் என்றிருந்தது.

பௌர்ணமி என்று எழுதும்போது ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்கு மற்ற நாளில் ஆட்டோவில் சட்டென்று போய்விடலாம். பௌர்ணமி அன்று வண்டி போகாது. நடக்கலாம் என்றால் அது கூட்டத்துக்கு எதிர்த் திசை. மலையை வலமாகச் சுற்றி வரும் ஜனத்துக்கு எதிரே யாராலும் நடக்க முடியாது. நடந்தாலும் "எதிர்ல வராதம்மா, பாவம்" என்று திருப்பி விடுவார்கள். ஆகவே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோபுர வாசலுக்குப் போய், அங்கிருந்து செருப்பில்லாமல், கூட்டத்தோடு கூட்டமாக மலையை முக்கால்வாசி சுற்றித்தான் அப்பாவின் கடைக்கு வர வேண்டும். என்னை ஒப்படைத்துவிட்டு மிச்சத்தையும் சுற்றி வீட்டுக்குப் போவாள். இப்படி ஒவ்வொரு பௌர்ணமியும். ஆபீசில் அவளுக்குப் பெரிய பக்தை என்று பெயர் வந்துவிட்டது. வழியெல்லாம் மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அம்மா உதடு அசைய அப்பாவைத் திட்டிக்கொண்டு வருவாள். "பேமானி, அவன் கை அழுகணும், கால் அழுகணும்" என்று லிங்கத்துக்கு லிங்கம் நின்று வேண்டிக்கொள்வாள். விபூதியை எனக்கும் பூசிவிடுவாள்.

பௌர்ணமி அப்பாவை எனக்குப் பிடிக்கும். இதை அம்மா உயிரோடு இருக்கும்வரை நான் சொன்னதில்லை. குளித்து, பட்டை போட்டு, வெள்ளைச் சட்டையில் இருப்பார். சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்து, முதல் பன்னீர் சோடாவை எனக்கு உடைத்துக் கொடுப்பார். விடிந்ததும் மொபெட்டில் கூட்டிப் போய் எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டு, தொகையை என் பாவாடைப் பையில் வைத்து ஊக்கு குத்துவார். குத்தும்போது, "உங்கம்மா உன்ன வெச்சி எங்கிட்ட காசு புடுங்கறா, தெரியுமில்ல" என்பார். வீட்டுக்குள் போனால், "அங்க இன்னா சொன்னான்?" என்று அம்மா ஊக்கைக் கழற்றுவாள். இரண்டு பேருடைய விஷத்தையும் மாற்றி மாற்றிச் சுமந்து எனக்கு வாய் கசந்துவிட்டது. ஒரு கட்டத்தில் "ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் சொல்லப் பழகினேன். அதற்கும் அடி விழுந்தது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் சித்ரா பௌர்ணமி இரண்டு நாளில் விழுந்தது. முதல் நாள் சாயந்திரம் திதி ஆரம்பித்து மறுநாள் சாயந்திரம் முடிந்தது. எங்கள் வீட்டுக் காலண்டரில் மறுநாள்தான் பௌர்ணமி என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு அச்சடித்ததுதான் வேதம். அப்பாவுக்குக் காலண்டர் கிடையாது, கூட்டம்தான் காலண்டர். கூட்டம் முதல் நாளே நிரம்பிவிட்டது. அவர் முதல் நாள் ராத்திரி முழுக்க சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் வரவில்லை. விடிந்ததும் அவருக்குப் பௌர்ணமி முடிந்துவிட்டது. முடிந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

மறுநாள் சாயந்திரம், எங்களைப் போலவே காலண்டரை நம்பி வந்த கூட்டத்தோடு, கால் சுட நடந்து நாங்கள் போய் நின்றபோது, அப்பா கடைக்குள் லுங்கி மட்டும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டை இல்லை. தூரத்திலேயே வாடை அடித்தது.

"இன்னாத்துக்கு வந்த? பௌர்ணமி நேத்தே பூடுச்சி."

"காலண்டரப் பாருய்யா. இன்னிக்குத்தான்."

"ஊரே நேத்து சுத்திச்சி. உனக்கு மட்டும் தனியா நிலா வருதா? புள்ளய அனுப்பக் கூடாதுனு பண்ற. நைட்டெல்லாம் முழிச்சிகினு ஒக்காந்திருக்கேன், மயிரானாட்டம்."

"குடிச்சிருக்க. குடிச்சிருந்தா அனுப்ப வேணாம்னு ராஜில இருக்கு. வாடி போலாம்."

அம்மா என் வலது கையைப் பிடித்துத் திரும்பினாள். அப்பா பலகையைத் தாண்டிக் குதித்து என் இடது கையைப் பிடித்தார். அவர் குதித்ததில் சோடாப் பெட்டிகள் சரிந்து ரோட்டில் உருண்டன. பாட்டில்கள் படபடவென்று வெடித்தன. கிரிவலக் கூட்டம் முழுக்க வெறுங்கால். கண்ணாடியில் மிதித்தவர்கள் அலறினார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். ஒரு அம்மாள் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்துக் கதறினாள். ரோடெல்லாம் பன்னீர் வாசனையும் ரத்தமும். அதற்கு நடுவில் என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் என்னை இழுத்தார்கள்.

"வுடுறா அவள! எட்டு பவுன் குடுத்திருக்கேன்!"

"அது என் ரத்தம்டி! வுடுடி கைய!"

நான் கத்தினேன். "வலிக்குது, வுடுங்க" என்று கத்தினேன். அம்மாவைப் பார்த்துக் கத்தினேன், அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்துக் கத்தினேன், அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளில் ஒரு கைகூட விடவில்லை. அப்பா காலை ஊன்றி உடம்பு மொத்தத்தையும் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். அம்மா விடாமல் பின்னால் சாய்ந்தாள். என் இடது தோளுக்குள் மளுக்கென்றது. கை என்னுடையதாக இல்லை. எனக்கு வலப்பக்கம் மட்டும்தான் இருந்தது.

அப்போதும் விடவில்லை. பக்கத்தில் இளநீர்க் கடை வைத்திருந்த அக்கா ஓடி வந்து, இளநீர் வெட்டும் கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் மொண்ணைப் பக்கத்தால் அப்பாவின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டார். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் கன்னத்தில் ஒரு அறை. "சனியனுங்களா, புள்ள கை தொங்குது பாருங்க!" அடித்த பிறகுதான் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கூட்டத்தில் போக வழியில்லை. இளநீர்க் கடை அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் புத்தூர்க் கட்டு போடுகிறவர் வீட்டுக்கு ஓடினார். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பின்னால் ஓடி வந்தார்கள். கட்டுப் போடுகிறவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார்னா அந்தப் பக்கம் கெட்டியா புடிங்க. நான் இந்தக் கைய இழுக்கணும்" என்றார். இரண்டு பேரும் ஒன்றாக முன்னால் வந்தார்கள். என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது பெண் குழந்தை போடுகிற சத்தம் இல்லை. அப்பாவின் கை பக்கத்தில் வந்தது, கடித்தேன். அம்மாவின் வயிற்றில் உதைத்தேன். "இவங்க வேணாம், இவங்க வேணாம்" என்று கத்தினேன். கடைசியில் இளநீர்க் கடை அக்காதான் பிடித்துக்கொண்டார். எலும்பு உள்ளே போனபோது நான் அவர் புடவையில் மூத்திரம் போய்விட்டேன். வெளியே, கட்டுக்கு வேண்டிய எண்ணெய்க்கும் முட்டைக்கும் யார் காசு தருவது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். அவள் இழுத்தாள் என்று அவர் மனு, அவன் இழுத்தான் என்று இவள் மனு. ஜட்ஜ் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, "யாரும்மா இழுத்தது?" என்று கேட்டார். "ரெண்டு பேரும்" என்றேன். அதற்காக அம்மா பஸ் ஸ்டாப்பிலேயே என் நல்ல கையில் அடித்தாள். அப்பா அந்த மாசம் பணம் தரவில்லை. உண்மை சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆர்டர் மாறியது. பௌர்ணமி போய் ஞாயிற்றுக்கிழமை வந்தது. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில், ஏட்டம்மா எதிரில், அப்பா என்னோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். பணம் கோர்ட்டில் கட்ட வேண்டும். பெஞ்சில் அவர் என் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மணிக்கட்டில் எலும்பு புடைத்து நின்றது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறமும் அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றப் போனாள். எனக்காக வேண்டுதல் என்றாள். ஒருமுறை கூடப் போனேன். அடி அண்ணாமலை வந்ததும் எதிர் ஓரத்தில் நின்று, அப்பாவின் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறாரா என்று நோட்டம் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வக்கீலுக்குப் போன் போட்டு, "வியாபாரம் ஜாஸ்தியாய்டுச்சி சார், தொகைய ஏத்தச் சொல்லி மனு போடுங்க" என்றாள். அந்த மனு ஜெயித்தது. என் ப்ளஸ் டூ டியூஷன் அதில்தான் நடந்தது. நான் அவளைக் குறை சொல்ல முடியுமா? ஆனாலும் சொல்வேன்.

தோள் மட்டும் ராஜிக்கு வரவில்லை. ஒருமுறை நழுவின மூட்டு மறுபடி மறுபடி நழுவும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பரணிலிருந்து டப்பா எடுத்தால் நழுவும். பந்து எறிந்தால் நழுவும். கார்த்திகைக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கும். நானும் ஒரு வருஷம் மறந்துபோய்த் தூக்கி, மாடியிலேயே சுருண்டு விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அதே வலி, அதே பன்னீர் வாசனை. ஒவ்வொரு முறையும் அவர்கள் இரண்டு பேரையும் கொன்றுபோட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். சும்மா சொல்லவில்லை, எதால் என்றுகூட யோசித்திருக்கிறேன்.

காலேஜ் இரண்டாவது வருஷம், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினெட்டு முடிந்துவிட்டதால் நான் யார் பங்கும் இல்லை. எந்த ஆர்டரும் அப்பாவைக் கட்டுப்படுத்தாது. நான் சொன்னது அம்மாவிடம் மட்டும்தான். ஆனாலும் அட்மிஷன் அன்று, வெள்ளைச் சட்டை போட்டு, பட்டை போட்டு, குளித்த தலையோடு அப்பா வந்து நின்றார். பௌர்ணமியே இல்லை அன்று.

பணம் கட்டும் ஜன்னலில் சண்டை. இந்த முறை தலைகீழ்ச் சண்டை.

"அவன் காசு என் பொண்ணு ஒடம்புல ஏறக் கூடாது. நான் பி.எஃப்.ல லோன் போட்டிருக்கேன்" என்றாள் அம்மா.

"நான் ஒடச்சது. நான்தான் கட்டுவேன். நீ போடி" என்றார் அப்பா.

அம்மா அவர் பணக்கட்டைத் தட்டிவிட்டாள். அவர் அவளைத் தள்ளினார். செக்யூரிட்டி ஓடி வந்தார். எனக்கு வந்த கோபத்தில் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குலுக்கி, "ரெண்டு ரசீது போடுங்க சார்! பாதி பாதி! இல்லனா நான் இப்டியே எழுந்து போறேன்!" என்று கத்தினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. இரண்டு ரசீது போட்டார்கள். ஆளுக்கொன்றை மடித்து வைத்துக்கொண்டார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மூன்று பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏற வேண்டும். இடது கை கட்டுக்குள் மாரோடு சேர்ந்து இருந்தது. லாரியும் ஆட்டோவுமாக ரோடு நெருங்கிக் கிடந்தது. நான் காலை எடுத்து வைத்ததும், என்னைப் பிடித்துக் கூட்டிப் போக இரண்டு பேரும் கை நீட்டினார்கள். பிடிக்க என்னிடம் ஒரே கைதான் இருந்தது.

ஒரு பக்கத்திலிருந்து வளைந்த விரல் வந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து புடைத்த மணிக்கட்டு வந்தது. இரண்டும் என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அம்மா அப்பாவின் கையைப் பார்த்தாள். அப்பா அம்மாவின் விரலைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும், ஒருத்தரும் சொல்லாமல், கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

நான் இரண்டு பேர் பக்கமும் திரும்பினேன்.

"வுடத் தெரியுது இல்ல?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். "ரெண்டு பேருக்கும் வுடத் தெரியுது இல்ல? அன்னிக்கு ஏன் வுடல?"

அப்பா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் தனியாக ரோட்டைத் தாண்டிப் போய்த் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, மூன்று டிக்கெட் வாங்கினேன்.